சொந்தத் தொட்டியா, வாடகைத் தொட்டியா: கனடிய கிராஃப்ட் பீரில் எதை எடுப்பது?

ஒன்டாரியோவில் ஏதாவது ஒரு எல்.சி.பி.ஓ. (மாகாண அரசின் மதுக்கடை) கடைக்குள் போய், 473 மில்லி கேன்கள் அடுக்கியிருக்கும் அலமாரி முன் நின்று ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெயர், படம், ஆல்கஹால் சதவீதம், இரண்டு மொழியில் நாலு வரி வர்ணனை, அடியில் ஒரு முகவரி. அந்த முகவரியில்தான் இந்தப் பீரைக் காய்ச்சினார்கள் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். லேபிள் விதி அப்படிச் சொல்லவில்லை. பொருளைத் தயாரித்தவர், அல்லது யாருக்காகத் தயாரிக்கப்பட்டதோ அவர், இந்த இருவரில் ஒருவருடைய பெயரும் தொழில் நடத்தும் ஊரும் இருந்தால் போதும் என்பதே கனடாவின் உணவு லேபிள் விதி. ஆகவே டொராண்டோ முகவரி போட்ட கேன் குவெல்ஃபிலோ ஹாமில்டனிலோ காய்ச்சப்பட்டதாக இருக்கலாம். அதில் மோசடி ஏதுமில்லை. வேறொருவர் ஆலையில் தன் பீரைக் காய்ச்சி வாங்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் காண்ட்ராக்ட் ப்ரூயிங். தமிழில் 'ஒப்பந்தக் காய்ச்சல்' என்று எழுதினால் படிப்பவர் பாராசிட்டமால் தேடுவார் என்பதால் காண்ட்ராக்ட் பீர் என்றே வைத்துக்கொள்வோம்.

கேள்வி இதுதான்: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேன். ஒன்று தன் ஆலையிலேயே காய்ச்சியது, இன்னொன்று காண்ட்ராக்ட். விலை ஏறக்குறைய ஒன்று. எதை எடுப்பது?

'சொந்த ஆலைதான் அசல், மற்றது வெறும் ஸ்டிக்கர்' என்பது கிராஃப்ட் பீர் (சின்ன, தனி ஆலைகளின் பீர்) ரசிகர்களிடம் ஊறிப்போன எண்ணம். இதை அப்படியே நம்பினால் நல்ல பீர் பலவற்றைத் தவற விடுவீர்கள். 2013-ல் தொடங்கிய லெஃப்ட் ஃபீல்ட் என்ற பிராண்ட், பீர் நொதிக்கும் தொட்டி சொந்தமாக இல்லாமல்தான் கிளம்பியது. டொராண்டோவின் லெஸ்லிவில் பகுதியில் தனக்கென ஆலை திறந்தது 2015-ல். அதே 2013-ல் வந்த கலெக்டிவ் ஆர்ட்ஸ், பர்லிங்டனில் இருந்த நிக்கல் ப்ரூக் ஆலையில் காய்ச்சிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஹாமில்டனில் பழைய லேக்போர்ட் ஆலை இருந்த இடத்துக்கு வந்தது. அன்னாசி சேர்த்த ஹவாயன் ஸ்டைல் பேல் ஏல் என்ற பீரால் பெயர் வாங்கிய ஸ்பியர்ஹெட், 2011 முதல் பல வருடம் காண்ட்ராக்டில் ஓடிவிட்டு கிங்ஸ்டனில் சொந்த ஆலை கண்டது. இன்று 'அசல்' என்று கொண்டாடப்படும் பெயர்களில் பல நேற்று வாடகைத் தொட்டியில் இருந்தவைதான்.

எதிர்ப்பக்கம், 'யார் காய்ச்சினால் என்ன, ருசிதானே முக்கியம்' என்பதும் பாதிதான் சரி. காய்ச்சும் இடம் ருசியை மாற்றும். ஆனால் எல்லா வகைப் பீரிலும் ஒரே மாதிரி மாற்றாது. குளிரில் மெல்ல நொதிக்கும் லாகருக்கு ஒரு பதில், பழச்சாறு மாதிரி கலங்கிய ஹேஸி ஐ.பி.ஏ.வுக்கு (இந்தியா பேல் ஏல்) வேறு பதில், கறுத்த ஸ்டவுட்டுக்கு இன்னொன்று. வகை வாரியாகத்தான் இதை முடிவு செய்ய முடியும்.

காண்ட்ராக்ட் என்றால் மூன்று விதம்

முதல் விதம், பிராண்ட் வைத்திருப்பவர் செய்முறையைக் கொடுப்பார். ஆலைக்காரரே அரைத்து, காய்ச்சி, நொதிக்க வைத்து, கேனில் அடைத்துத் தருவார். டொராண்டோவில் 2016-ல் திறந்த பிரன்ஸ்விக் பியர்வொர்க்ஸ் பிறருக்குக் காய்ச்சித் தருவதையே முதன்மைத் தொழிலாக வைத்து எழும்பிய ஆலை. வாட்டர்லூ ப்ரூயிங்கும் (1984-ல் பிரிக் ப்ரூயிங் என்ற பெயரில் தொடங்கியது, 2023-ல் கார்ல்ஸ்பர்க் கைக்குப் போனது) பிற கம்பெனிகளுக்குக் காய்ச்சி அடைத்துக் கொடுப்பதைப் பெரிய அளவில் செய்துவந்தது.

இரண்டாவது விதத்தில் ஆலை ஒருவருடையது, காய்ச்சும் ஆள் பிராண்டின் ஆள். சமையலறையை நாள் வாடகைக்கு எடுத்துச் சமைப்பது மாதிரி. வான்கூவரில் 2015-ல் திறந்த காலிஸ்டர் ப்ரூயிங் இப்படிப் பல சின்ன பிராண்டுகளை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. ருசியைப் பொறுத்தவரை இதைச் சொந்த ஆலைக்கு நெருக்கமாகவே வைக்கலாம். தொட்டியை முகர்ந்து பார்த்து 'இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்' என்று சொல்லக்கூடிய ஆள் தொட்டி பக்கத்திலேயே நிற்கிறார்.

மூன்றாவது விதம்தான் வாங்குபவர் கண்ணில் படாதது. பிராண்டுக்குச் சொந்த ஆலை இருக்கும். நாம் போய் உட்கார்ந்து குடிக்கும் டேப்ரூமும் இருக்கும். ஆனால் அதிகம் விற்கும் ஒன்றிரண்டு பீரை மட்டும் வெளியே பெரிய ஆலையில் காய்ச்சிக் கடைகளுக்கு அனுப்புவார்கள். அப்போது டேப்ரூமில் குழாயில் வருவதும் கடைக் கேனில் இருப்பதும் ஒரே பெயருள்ள இரண்டு பீர்.

கேன் கணக்கு

வகைகளுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. வெளியாருக்குக் காய்ச்சும் ஆலை குறைந்தபட்ச அளவு ஒன்று வைத்திருக்கும். எடுத்துக்காட்டாக 50 ஹெக்டோலிட்டர், அதாவது 5,000 லிட்டர். ஈஸ்ட் படிவு, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) உறிஞ்சியது, குழாயில் தங்கியது என்று 8 சதவீதம் கழித்தால் 4,600 லிட்டர். 473 மில்லி கேனாக அடைத்தால் சுமார் 9,700 கேன். ஒரு நாளைக்கு நூறு கேன் விற்கும் சின்ன பிராண்டுக்கு அது 97 நாள் சரக்கு. டேப்ரூமோடு இருக்கும் 10 ஹெக்டோலிட்டர் ஆலை ஒரு தடவைக்கு 1,900 சொச்சம் கேன் போடும். அதே வேகத்தில் விற்றால் மூன்று வாரத்தில் காலி.

காண்ட்ராக்ட் பீரைப் பற்றி வரும் புகார்களில் கணிசமானவை காய்ச்சியவரின் கைத்தவறால் வருவதில்லை. இந்த 9,700 கேனால் வருகின்றன. கடைசி ஆயிரம் கேனை வாங்குபவர் மூன்று மாதப் பழைய பீரைக் குடித்துவிட்டு 'காண்ட்ராக்ட் பீர் இப்படித்தான்' என்று எழுதிவிடுகிறார்.

லாகர், பில்ஸ்னர்: தயங்காமல் காண்ட்ராக்டை எடுக்கலாம்

லாகரிலும் அதன் வெளிர்நிற வகையான பில்ஸ்னரிலும் குறை ஒளிய இடமில்லை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), கொஞ்சம் ஹாப்ஸ், சுத்தமான ஈஸ்ட், அவ்வளவுதான். சின்னத் தவறும் தெரியும். அதனால் ஆய்வுக்கூடம், ஈஸ்ட் செல் எண்ணும் வசதி, சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றி ஈஸ்ட்டைப் பிரிக்கும் இயந்திரம்), கேனுக்குள் ஆக்சிஜன் புகாத நல்ல அடைப்பு இயந்திரம் எல்லாம் உள்ள நடுத்தர ஆலை இங்கே சின்ன ஆலையை ஜெயிக்கும். கேனுக்குள் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நல்ல அடைப்பு. வாடகைக்கு வண்டியில் வந்து அடைத்துக் கொடுக்கும் நடமாடும் இயந்திரத்திலும் அதை எட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எட்டுவது கடினம்.

ஆபத்து ஒன்றுண்டு: தொட்டி வாடகை. மிதமான சூட்டில் வேகமாக நொதிக்கும் ஏல் பீர் இரண்டு வாரத்தில் தொட்டியைக் காலி செய்யும்; வருடத்துக்கு 26 சுற்று ஓட்டலாம். லாகருக்குக் குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம். ஐந்து வாரம் என்று வைத்தாலும் வருடத்துக்குப் பத்துச் சுற்றுதான். ஏல் ஓட்டினால் அதே தொட்டியில் இரண்டரை மடங்கு வருமானம் வந்திருக்கும். காண்ட்ராக்டில் நாள் கணக்குக்குப் பணம் என்றால் ஒரு வாரம் முன்னதாக இறக்கிவிடும் ஆசை யாருக்கும் வரும்.

அப்படி அவசரப்பட்டு இறக்கிய பீரை மூக்கு கண்டுபிடிக்கும். நொதிக்கும்போது ஈஸ்ட் ஒரு முன்பொருளை வெளியே விடும். அது மெல்ல டையசெட்டில் என்ற பொருளாக மாறும். உருக்கிய வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் மிட்டாய், தியேட்டர் பாப்கார்ன் வாசம் அதுதான். நேரம் கொடுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சித் துடைத்துவிடும். முன்னதாக ஈஸ்ட்டைப் பிரித்து எடுத்துவிட்டால் முன்பொருள் கேனுக்குள் போய், சூடான அலமாரியில் வெண்ணெயாகும். லாகரில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதுவரை குடிக்கும்போது நாக்கில் ஒரு வழுவழுப்பு மட்டும் தெரியும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பீரை இரண்டு டம்ளருக்கு இடையே நாலைந்து தடவை மாற்றி ஊற்றி வாயுவை வெளியேற்றுங்கள். ஜாடிக்கு 100 மில்லி வீதம் இரண்டு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக்கினால் மிச்ச வாயு அழுத்தும். ஒரு ஜாடியை 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் நிறுத்துங்கள். எடுத்து, மற்ற ஜாடியின் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டையும் முகருங்கள். சூடு காட்டியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் முன்பொருள் பாக்கி இருக்கிறது. அதே தேதியிட்ட மற்ற கேன்களைக் குளிரிலேயே வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். இரண்டிலும் வந்தால் ஏற்கெனவே கெட்டது. இரண்டிலும் இல்லையென்றால் தொட்டிக்கு முழு வாடகை கொடுத்திருக்கிறார்கள்.

வேகவைத்த மக்காச்சோள வாசம் வந்தால் அது வேறு கதை. பில்ஸ்னர் மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் உடைந்து, அந்த வாசம் தரும் டி.எம்.எஸ். என்ற கந்தகப் பொருளாகிறது; நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். பெரிய கொப்பரையில் கொதி முடிந்து, கசடைச் சுழற்றிப் பிரிக்கும் வேர்ல்பூல் தொட்டியில் சுழன்று, குளிர்விப்பானைக் கடந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அத்தனை நேரமும் மால்ட் சாறு சூடாகவே நிற்கிறது, புதிதாக உண்டான டி.எம்.எஸ். வெளியேற வழியில்லை. 20 லிட்டர் பாத்திரத்தில் அருமையாக வந்த செய்முறையை அப்படியே 50 ஹெக்டோலிட்டருக்குப் பெருக்கினால் இதுதான் நடக்கும். கசப்பும் ஏறும். கடைசியில் மணத்துக்காகப் போட்ட ஹாப்ஸ், 80 டிகிரிக்கு மேல் நிற்கும் நேரமெல்லாம் கசப்பையும் விட்டுக்கொண்டே இருக்கும்.

தண்ணீரும் கணக்கில் சேரும். டொராண்டோ ஒன்டாரியோ ஏரித் தண்ணீரை எடுக்கிறது, நடுத்தரக் கடினம்தான். குவெல்ஃப் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீரை எடுக்கிறது. கெட்டிலில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் ஆலைக்கு மாறும் பில்ஸ்னர், தண்ணீரைச் சரிசெய்யாமல் விட்டால் தொண்டையில் கரகரப்பாக நிற்கும். நல்ல ஆலைகள் வடிகட்டி உப்பை இறக்கி, பிறகு ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் அளந்து சேர்க்கின்றன. ஆலை மாறிய பிறகு 'இப்போது கசப்பு கொஞ்சம் முரடாக இருக்கிறதே' என்று தோன்றினால், முதலில் தண்ணீரையும் வேர்ல்பூல் நேரத்தையும் சந்தேகப்படலாம்.

ஹேஸி ஐ.பி.ஏ.: காய்ச்சிய இடத்துக்கே போய் வாங்குங்கள்

இங்கே கணக்கு தலைகீழ். நியூ இங்கிலாந்து பாணிக் கலங்கல் ஐ.பி.ஏ. வடிகட்டாதது, ஓட்ஸும் கோதுமையும் ஹாப்ஸும் நிறைந்தது. ஆக்சிஜன் பட்டால் முதலில் சாகும் பீர் இதுதான். மாம்பழம், கொய்யா, ஆரஞ்சுத் தோல் என்று மூக்கைத் துளைத்த வாசம் முதலில் அடங்கும். அப்புறம் தேன் மாதிரி ஒரு அசட்டுத் தித்திப்பு. கடைசியில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி.

நிறம் பொய் சொல்லாது. ஒரே பீரின் புதுக் கேனையும் பழைய கேனையும் ஒரே மாதிரி டம்ளரில் ஊற்றி வெள்ளைத் தாளுக்கு முன்னால் வையுங்கள். புதியது சாத்துக்குடிச் சாறு. ஆக்சிஜன் பட்டது புளித்தண்ணி. ஊற்றிய உடனே புளித்தண்ணி நிறம் என்றால் வாயில் வைக்கவே தேவையில்லை.

கைவேலையும் கடினம். லிட்டருக்கு 12 கிராம் ஹாப்ஸ் என்று வைத்தால் 50 ஹெக்டோலிட்டருக்கு 60 கிலோ உருண்டைகளைத் தொட்டி மேலே ஏறி உள்ளே கொட்ட வேண்டும். மூடியைத் திறந்த நேரத்தில் காற்று நுழையும். உருண்டைகள் அடிக்கூம்பில் போய்ச் சகதியாக உட்கார்ந்துகொள்ளும். கரியமில வாயுவை அடியிலிருந்து ஊதிக் கிளறவில்லையென்றால் பாதி மணம் சகதியிலேயே தங்கிவிடும். போதாததற்கு ஹாப்ஸில் உள்ள நொதிகள் பீரில் மிச்சமிருக்கும் மாச்சத்தை உடைத்து, தூங்கிய ஈஸ்ட்டை எழுப்பிவிடும். ஹாப் க்ரீப் என்பார்கள். ஆல்கஹால் கொஞ்சம் ஏறும், வெண்ணெய் வாசம் திரும்ப வரும். இதற்காகச் சில நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். பார்த்து, முகர்ந்து, பொறுத்து இறக்க வேண்டும். அட்டவணைப்படி ஓடும் வாடகைத் தொட்டியில் அந்தப் பொறுமைக்கு இடம் குறைவு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் 97 நாள் சரக்கு என்ற கணக்கு மிச்சமிருக்கிறது. ஹேஸி ஐ.பி.ஏ. குளிரில் வைத்தாலே ஆறு வாரத்துக்குள் குடித்தால்தான் அழகு. அதனால் காண்ட்ராக்ட் ஹேஸியை எடுப்பதானால் நிபந்தனை மூன்று: அடைத்த தேதி தெரிய வேண்டும், 45 நாளுக்குள் இருக்க வேண்டும், குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அலமாரியில் திரும்ப வைத்துவிடுங்கள். தெளிந்த, கசப்பான பழைய பாணி அமெரிக்க மேற்குக் கடற்கரை ஐ.பி.ஏ.வும் பேல் ஏலும் இவ்வளவு நோஞ்சான் அல்ல; அவற்றுக்கு 90 நாள் வரை கொடுக்கலாம்.

மற்றவை

பிரவுன் ஏல், போர்ட்டர், ஸ்டவுட்: யார் காய்ச்சினாலும் பரவாயில்லை. வறுத்த மால்ட்டின் காப்பி, சாக்லேட் வாசம் சின்னக் குறைகளை மூடிவிடும். நாலைந்து மாதம் தாங்கும். ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேல் போகும் இம்பீரியல் ஸ்டவுட் ஒரு வருடத்துக்கும் அசராது. விலை குறைவானதை எடுங்கள்.

கோதுமைப் பீரில் மட்டும் சின்ன ஆலைக்கு ஒரு சாதகம். ஜெர்மன் பாணி வைஸ்பியரின் வாழைப்பழ வாசம் ஈஸ்ட் தருவது. உயரமான கூம்புத் தொட்டியில் பீரின் எடையே ஈஸ்ட்டை அழுத்தி, அந்த வாசத்தைக் குறைக்கும். குட்டையான தொட்டியில் தாராளமாக வரும். காண்ட்ராக்டில் வந்த வைஸ்பியரில் கிராம்பு தூக்கலாகவும் வாழை மங்கலாகவும் இருந்தால் தொட்டியின் உயரத்தையும் காரணமாக யோசியுங்கள்.

புளிப்புப் பீரில் இரண்டு ரகம். கொப்பரையிலேயே லாக்டிக் பாக்டீரியாவால் புளிக்கவைத்து, பிறகு கொதிக்கவைத்துக் கொன்றுவிடும் கெட்டில் சவரைக் காண்ட்ராக்ட் ஆலைகள் தயங்காமல் செய்யும். மரப்பீப்பாயில் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டோடு மாதக்கணக்கில் ஊறுவதை, பிறர் பீரும் ஓடும் ஆலை வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த ஈஸ்ட் ஒரு குழாய் வளையத்தில் ஒட்டிக்கொண்டால் அடுத்தவர் லாகருக்குச் சனி பிடித்த மாதிரி. பெல்ஜியப் பாணி சேஸான் பீருக்கும் இதே பயம்: டையஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் வகை, மற்ற ஈஸ்ட் தொடாத மாச்சத்தையும் தின்று, கேனுக்குள்ளேயே மறுபடி நொதித்து வாயுவைப் பெருக்கும். ஆக, பீப்பாய்ப் புளிப்பு வேண்டுமென்றால் சொந்த ஆலையைத் தேடித்தான் போக வேண்டும்.

பழக்கூழ் சேர்த்த பீர் எதுவானாலும், காண்ட்ராக்டோ சொந்தமோ, கேனின் அடியையும் மூடியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பியிருந்தால் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் உப்பியதென்றால் குலுக்காமல், நன்றாகக் குளிரவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறங்கள். சுவரைக் கழுவும் வேலை மிச்சம்.

பெரிய கம்பெனி வாங்கிப்போட்ட 'கிராஃப்ட்' பெயர்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. க்ரீமோர் ஸ்பிரிங்ஸ் 2005-ல் மோல்சனிடம் போனது, மில் ஸ்ட்ரீட் 2015-ல் லபாட்டிடம் போனது. தரக் கட்டுப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பணம் எங்கே போகிறது என்பது உங்களுக்கு முக்கியமென்றால் தவிருங்கள். நாக்குக்கு அது தெரியாது.

தேதியைப் படிப்பது

90 நாளுக்கு மேல் தாங்கும் உணவுப் பொருளுக்குக் கனடாவில் 'இதற்குள் உபயோகிக்கவும்' தேதி கட்டாயமில்லை. பீர் அதில் வருவதால் தேதி போடுவது ஆலையின் விருப்பம். போட்டிருந்தால் பெரும்பாலும் கேனின் அடியில் இன்க்ஜெட் எழுத்தில் இருக்கும்.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மாதத்துக்கு இரண்டெழுத்துக் குறி வரும். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவான குறி அது. இடறும் இடம் 'எம்.ஏ.' மார்ச் என்று நினைத்துவிடுவோம், அது மே. மார்ச்சுக்கு 'எம்.ஆர்.' ஏப்ரலுக்கு 'ஏ.எல்.' ஜூனுக்கு 'ஜே.என்.', ஜூலைக்கு 'ஜே.எல்.' ஐந்து இலக்கம் மட்டும் இருந்தால் முதல் இரண்டு ஆண்டு, மற்ற மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதாக இருக்கலாம்: 25143 என்றால் 2025-ன் 143-வது நாள், மே 23. இன்னொன்று, அது அடைத்த தேதியா காலாவதித் தேதியா என்று பாருங்கள். காலாவதி மட்டும் இருந்தால் அந்த பிராண்ட் எத்தனை மாதம் கொடுக்கிறது என்று தெரியாமல் பயனில்லை. ஹேஸிக்கு ஒரு வருடம் கொடுக்கும் பிராண்டை நம்பாதீர்கள்.

கடைக்காரர் எங்கே வைத்திருந்தார் என்பதும் தேதிக்குச் சமம். தொழிலில் புழங்கும் உத்தேசக் கணக்கு ஒன்று: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இவை மூன்றும் பீருக்கு ஒரே அளவு வயது. டிசம்பர் 2015-ல் ஒன்டாரியோவின் மளிகைக் கடைகளுக்கும், செப்டம்பர் 2024-ல் தெருமுனைக் கடைகளுக்கும் பீர் வந்துவிட்டது. ஜன்னலோரம் வெயிலில் அடுக்கிய பெட்டியா, உள்ளே குளிர்ப்பெட்டியா என்று பார்த்து எடுங்கள்.

ஒரே பெயர், இரண்டு ஆலை: வித்தியாசம் நிஜமா?

டேப்ரூமில் அங்கேயே காய்ச்சி அடைத்த கேனும், வெளியே காய்ச்சிய கடைக் கேனும் கிடைத்தால் 'அது மாதிரி இல்லை இது' என்று சொல்லத் தோன்றும். சொல்லும் முன் கண்ணைக் கட்டிச் சோதியுங்கள்.

மூன்று டம்ளர். இரண்டில் ஒரு பீர், ஒன்றில் மற்றது. ருசிப்பவர் எது தனி என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால் ஒரு சுற்று போதாது. ஆறு சுற்றில் நான்கோ அதற்கு மேலோ சரி என்பது அதிர்ஷ்டத்தில் பத்து சதவீதம் நடக்கும். ஐந்து அல்லது ஆறு சரி என்பது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் ஐந்து வந்தால் வித்தியாசம் உண்டு என்று நம்பலாம். மூன்று சுற்றில் முதல் பீரை இரட்டையாகவும் மூன்று சுற்றில் மற்றதை இரட்டையாகவும் வையுங்கள். டம்ளருக்கு 30 மில்லி போதும். ஓர் ஆளுக்கு மொத்தம் 540 மில்லி ஆகும். மூன்று பேர் என்றால் ஒவ்வொரு பீரிலும் இரண்டு 473 மில்லி கேன் வாங்கினால் சரியாக இருக்கும். வண்டிச் சாவியை முன்கூட்டியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

இரண்டு கேனின் தேதிக்கும் இடையே இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் சோதிப்பது வயதை, ஆலையை அல்ல. இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்: லாகர் 5 முதல் 7 டிகிரி, பேல் ஏல் 8 முதல் 10, ஸ்டவுட் 10 முதல் 13. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் குளிர் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். டம்ளர்ச் சுவரில் குமிழ்கள் ஒட்டி நின்றால் டம்ளரில் எண்ணெயோ சோப்போ இருக்கிறது. கழுவி, தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர்த்துங்கள். நடுநடுவே தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும். மிளகாய்க் காரம் ஹாப்ஸ் கசப்பை ஊதிப் பெரிதாக்கும் என்பதால் கொத்து ரொட்டி சோதனை முடிந்த பிறகு.

நிறம் தெரிந்தாலே பதில் தெரிந்துவிடும் பீர்களுக்கு ஒளிபுகாத காப்பிக் கோப்பையில் ஊற்றுங்கள். அழகாக இருக்காது, ஆனால் மூக்கு மட்டும் வேலை செய்யும்.

எழுதும்போது

காண்ட்ராக்ட் பீருக்கு விமர்சனம் எழுதுபவர்கள் விட்டுவிடும் வரி, எங்கே காய்ச்சியது என்பது. கேனில் 'ப்ரூட் பை' என்று இன்னொரு ஆலையின் பெயர் தனியாக இருந்தால் அதை எழுதுங்கள். 'ப்ரூட் ஃபார்' என்று மட்டும் இருந்தால் பிராண்டுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிக் கேட்கலாம். மறைக்காமல் சொல்பவர்களும் உண்டு. அடைத்த தேதி, வாங்கிய இடம், குளிரில் இருந்ததா, எத்தனை டிகிரியில் குடித்தீர்கள், இந்த நான்கும் இல்லாத விமர்சனத்தில் நட்சத்திர எண்ணிக்கைக்கு அர்த்தம் குறைவு.

குறையையும் குணத்தையும் பிரித்து எழுதுங்கள். 'கசப்பு அதிகம்' என்பது விருப்பம். 'வெண்ணெய் வாசம்' லாகரில் குறை. இங்கிலாந்து பாணி பிட்டர் என்ற ஏலில் ஒரு துளி இருந்தால் மரபு. 'பச்சை ஆப்பிள் வாசம், முதிராத பீர்' என்று காரணத்தோடு எழுதினால் காய்ச்சியவருக்கும் உதவும். குறை கண்ட கேனை வைத்து முடிவு கட்டாமல், வேறு தேதியிட்ட இன்னொரு கேனை வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் அதே குறை என்றால் செய்முறையில் கோளாறு, ஒன்றில் மட்டும் என்றால் அந்தத் தொட்டியிலோ கடை அலமாரியிலோ கோளாறு.

பிராண்ட் ஆலை மாறிவிட்டால் பழைய விமர்சனம் வேறு பீரைப் பற்றியது. ஸ்பியர்ஹெட் கிங்ஸ்டனுக்குப் போகும் முன் குடித்த அன்னாசி பேல் ஏலும் பின்னால் குடித்ததும் ஒரே குறிப்பில் வரக்கூடாது. பழையதை அழிக்க வேண்டாம். அதன் தலையில் ஆண்டையும் ஆலையின் பெயரையும் சேர்த்துவிட்டு, புதியதைத் தனியாக எழுதுங்கள்.